மேலிருந்து எடுத்த பழைய படங்கள்: சென்னையில் வான்வழிப் புகைப்படக் கண்காட்சிக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

ட்ரோன் வந்த பிறகு, கல்யாண வீடியோவிலேயே மண்டபத்து மொட்டைமாடி வரைக்கும் மேலிருந்து பார்த்துவிடுகிறோம். அதனால் 'ஆரம்பகால வான்வழிப் புகைப்படங்கள்' என்று ஒரு கண்காட்சி அறிவிப்பு கண்ணில் பட்டால், இதில் புதிதாக என்ன இருந்துவிடப்போகிறது என்றுதான் தோன்றும். சும்மா பார்ப்போமே என்று உள்ளே போகிறவர்களும் கால்மணி நேரத்தில் வெளியே வந்து டீக்கடையில் நிற்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. உள்ளே இருப்பவை சாம்பல் நிறத்தில் மங்கலான படங்கள். எது வீடு, எது வயல், எது ஆறு என்றே முதலில் பிடிபடாது.

மேலிருந்து எடுத்த படத்தைப் படிக்க ஒரு முறை இருக்கிறது. கஷ்டமானது ஒன்றுமில்லை, ஆனால் சுவரில் ஒட்டியிருக்கும் குறிப்புகளில் பெரும்பாலும் அது இருக்காது. நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, கேமரா எதில் தொங்கியது, யார் காசில் எடுத்தார்கள் என்று மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகிவிட்டால், மிக மங்கலான படத்தின் முன்னால்கூட நின்றுவிடுவீர்கள். வீட்டிலிருந்து கிளம்புவதில் தொடங்கி வரிசையாகச் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முன்

இந்த வகைக் கண்காட்சிகளுக்குச் சென்னையில் ஒரே இடம் என்று இல்லை. எழும்பூர் அரசு அருங்காட்சியக வளாகம், கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமி, நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் அலியான்ஸ் பிரான்சேஸ், ரட்லண்ட் கேட்டில் கதே நிலையம், முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்று எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். சென்னை போட்டோ பியனாலே என்ற புகைப்பட விழா நடக்கும் பருவத்தில் வழக்கமான கேலரிகளுக்கு வெளியேயும் படங்கள் வைப்பார்கள். ஆகஸ்ட் 22ஐ ஒட்டி வரும் மெட்ராஸ் வாரத்தில் ஊரின் பழைய படங்கள் நிறைய வெளியே வரும். அந்த மாதம் பேப்பரில் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியை விடாமல் பாருங்கள்.

விடுமுறை நாளை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். இது தெரியாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து பூட்டிய கேட்டுக்கு முன்னால் நிற்கிறவர்கள் உண்டு. போனில் மேப் 'திறந்திருக்கிறது' என்று காட்டினாலும் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. எழும்பூரில் நுழைவுச்சீட்டு உண்டு, கேமராவுக்குத் தனிக் கட்டணம். கலாசார மையங்களின் கேலரிகளில் பெரும்பாலும் இலவசம். எழும்பூருக்கும் கிரீம்ஸ் சாலைக்கும் மெட்ரோவே போதும். எழும்பூர், ஆயிரம் விளக்கு நிலையங்களில் இறங்கி மீதித் தூரத்தை நடந்தோ ஆட்டோவிலோ முடித்துக்கொள்ளலாம். முட்டுக்காடு என்றால் அரைநாள் ஒதுக்கிவிடுங்கள்.

திறப்பு விழா அன்று போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அன்றைக்குப் பொன்னாடை, பேச்சு, காபி, சமோசா எல்லாம் நன்றாக இருக்கும். படங்களுக்கு முன்னால் முதுகுகள்தான் இருக்கும். ஒரு வாரம் கழித்து, வேலைநாளில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போனால் ஹாலே உங்களுடையது. கண்காட்சியைத் தொகுத்த க்யூரேட்டரோ தன்னார்வலரோ கூட்டிக்கொண்டு சுற்றிக்காட்டும் நேரம் அறிவித்திருந்தால் அதை மட்டும் தவறவிடாதீர்கள்.

கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை கொஞ்சம்தான். படிக்கிற கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. பாரிமுனைப் பக்கம் ஸ்டேஷனரி கடைகளில் மலிவாகக் கிடைக்கும். பழைய பிரிண்டுகள் உள்ளங்கை அளவே இருக்கும், ரசிக்க வேண்டிய விஷயம் அதன் ஒரு மூலையில் எறும்பளவில் ஒளிந்திருக்கும். குறிப்பெடுக்கப் பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய காகிதம் இருக்கும் இடங்களில் மைப் பேனாவைப் பார்த்தால் பொறுப்பாளர்கள் முகம் மாறும். அப்புறம் ஒன்று, சொன்னால் சிரிப்பீர்கள்: அடர் நிறத்தில் உடுத்திக்கொண்டு போங்கள். படங்களெல்லாம் கண்ணாடிக்குள் இருக்கும். வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக நின்றால் படத்திலிருக்கும் பாரிஸுக்குப் பதில் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

தெரிந்துகொண்டு போக வேண்டிய கதை

வரலாறு முழுவதும் தேவையில்லை. கேமராவை மேலே தூக்கிப் போனது எது என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்.

முதலில் பலூன். பாரிஸில் 'நாதார்' என்ற பெயரில் புகழ்பெற்ற புகைப்படக்காரர் 1858இல், கயிற்றால் கட்டிய பலூனில் சுமார் 80 மீட்டர் உயரம் போய், ஊருக்கு வெளியே ஒரு கிராமத்தைப் படம் எடுத்தார். சும்மா எடுத்துவிடவில்லை. அந்தக் காலத்து முறை ஈரக் கொலோடியன்: கண்ணாடித் தகட்டில் பிசின் போன்ற திரவத்தைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, அது காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியும் முடிக்க வேண்டும். கையில் பத்துப் பதினைந்து நிமிடம்தான். அதனால் பலூன் கூடைக்குள்ளேயே ஒரு இருட்டறையைக் கட்டிக்கொண்டு போனார். திரும்பத் திரும்பத் தகடு கறுத்துப்போய் வந்தது; காரணம் புரியவில்லை. பலூனின் அடிவாயிலிருந்து கசிந்த வாயுவில் இருந்த கந்தகச் சேர்மம் வெள்ளி உப்போடு சேர்ந்து தகட்டைக் கெடுத்துக்கொண்டிருந்தது. பலூனின் அந்த வாயை மூடிவைத்துக்கொண்டு ஏறிய பிறகுதான் மங்கலாக ஒரு படம் கிடைத்தது.

அதே 1858இல் நம் பக்கத்தில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். மெட்ராஸ் ராஜதானியின் அரசுப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப், மெழுகு தடவிய காகித நெகட்டிவ்களோடு மதுரையிலும் தஞ்சாவூரிலும் கோயில்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளப் படமாக்கினார். ஒருவர் ஊரை மேலிருந்து ஒரே பார்வையில் பிடிக்கப் போராடுகிறார், இன்னொருவர் சுவரோடு சுவராக நகர்கிறார். இரண்டு பேருக்கும் ரசாயனம்தான் எஜமான். டிரைப் எடுத்த படங்கள் நமக்குக் கிடைக்கின்றன. நாதாரின் அந்த முதல் படம் இன்று இல்லை.

இதைக் கண்காட்சிக்குள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். '1858, உலகின் முதல் வான்வழிப் படம்' என்று பாரிஸின் வெற்றி வளைவைக் காட்டும் படம் இருந்தால், அது நாதாரே 1868இல் எடுத்தது. பலூனில் தொப்பி பறக்க ஒருவர் கேமராவோடு குனிந்து நிற்கும் ஓவியம் இருந்தால், அது ஓனோரே தோமியே 1862இல் வரைந்த கேலிச்சித்திரம். இன்றைக்கு மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழைய வான்வழிப் படம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துடையது. 1860 அக்டோபர் 13 அன்று ஜேம்ஸ் வாலஸ் பிளாக் சுமார் 1,200 அடி உயரத்தில் பலூனிலிருந்து எடுத்தது. அதன் பிரதி ஒன்று மாட்டியிருந்தால் அங்கே நிறைய நேரம் செலவழியுங்கள். கூரைகளும் சர்ச் கோபுரமும் துறைமுகத்துப் பாய்மரங்களும், ஓரங்கள் இருண்டு கரைந்து, கொஞ்சம் சாய்ந்தாற்போல இருக்கும்.

1871இல் ரிச்சர்ட் மேடக்ஸ் ஜெலட்டின் உலர்தகடு முறையை வெளியிட்டார். அதை மற்றவர்கள் செம்மைப்படுத்தி, சில ஆண்டுகளில் கடையில் வாங்கி வைத்துக்கொள்ளும் தகடுகள் வந்தன. எடுத்தவுடனே கழுவ வேண்டியதில்லை என்றானதும் கேமராவோடு ஆள் போக வேண்டிய அவசியமே போய்விட்டது. காத்தாடியில் கட்டி அனுப்பலாம். பிரான்ஸில் ஆர்தர் பாதூ 1888இல் அதைத்தான் செய்தார். மெதுவாக எரியும் திரி ஒன்று ஷட்டரைத் தட்டிவிடும். காத்தாடிப் படங்களில் எல்லோரும் தேடிப் பார்ப்பது ஜார்ஜ் லாரன்ஸ் எடுத்த சான் பிரான்சிஸ்கோ. 1906 ஏப்ரலில் பூகம்பமும் தீயும் ஊரை அழித்த சில வாரங்களில், வரிசையாக 17 காத்தாடிகளைப் பறக்கவிட்டு, அந்தக் கயிற்றில் ஏறத்தாழ 22 கிலோ எடையுள்ள கேமராவைத் தொங்கவிட்டு, சுமார் 2,000 அடியிலிருந்து எடுத்தது. நெகட்டிவே நாலடி அகலம். ராயபுரம், காசிமேடு பக்கம் காத்தாடி விட்டு வளர்ந்தவர்களுக்கு 22 கிலோ என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து புறா. ஜெர்மனியில் யூலியஸ் நாய்ப்ரோன்னர் என்ற மருந்துக்கடைக்காரர், புறாவின் நெஞ்சில் கட்டும் சின்னக் கேமரா ஒன்றைச் செய்து 1907இல் காப்புரிமை கேட்டார். நடக்காத காரியம் என்று அலுவலகம் முதலில் தட்டிக்கழித்தது. சான்றளித்த படங்களைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகு 1908இல் கொடுத்தது. கேமராவின் எடை மாதிரிக்கேற்ப 30 முதல் 75 கிராம். அந்தப் படங்களில் இடமும் வலமும் கறுப்பாக மங்கலான ஏதோ நீட்டிக்கொண்டிருக்கும், அது சிறகு. வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் ஹோமர் புறா வளர்த்துப் பந்தயம் விடும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தச் சுமையோடு எவ்வளவு தூரம் பறக்கும், எந்தப் புறா தாங்கும் என்று அவர் சொல்வதைக் கேட்டால் லேபிளைப் படிக்கவே தோன்றாது.

விமானத்திலிருந்து படமெடுப்பது 1908, 1909இல் தொடங்கி முதல் உலகப்போரில் தொழிற்சாலை வேலையாகவே மாறிவிட்டது. இங்கே மெட்ராஸிலும் விமானம் சீக்கிரமே வந்தது. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்செலிஸ், சிம்சன் நிறுவனத்தில் ஒரு விமானத்தைச் செய்வித்து 1910இல் பறந்து காட்டினார்.

ஹாலுக்குள் போனதும்

உள்ளே நுழைந்தவுடன் இருட்டாக இருக்கிறதே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். பழைய பிரிண்டுகள் வெளிச்சத்தில் வெளுக்கும். அதனால் 50 லக்ஸ் அளவில்தான் விளக்கு வைப்பார்கள். வெளியே சென்னை வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு அது பழக ஐந்து நிமிடமாவது வேண்டும். அந்த நேரத்தில் எதையும் உற்றுப் பார்க்காமல் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுங்கள். எந்தப் படங்கள் கண்ணை இழுக்கின்றன என்று மட்டும் பார்த்துவைத்து, ஐந்தாறைத் தேர்ந்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தால் இருபதாவது படத்தில் எல்லாம் ஒன்றாகிவிடும்.

பிறகு லேபிள். ஆண்டு, இடம், உயரம் தவிர இன்னொன்றைத் தேடுங்கள்: இது அந்தக் காலத்துப் பிரிண்டா, பழைய நெகட்டிவிலிருந்து பின்னால் போட்டதா, ஸ்கேன் செய்து இப்போது அச்சிட்டதா? சென்னைக்கு வரும் கண்காட்சிகளில் மூன்றாவது வகையும் நிறைய இருக்கும், அதில் தவறொன்றுமில்லை. ஆனால் சுவர் உயரத்துக்கு விரித்த படத்தை 1910இல் யாரும் அந்த அளவில் பார்த்ததில்லை என்பது தெரிந்திருக்க வேண்டும். அசல் என்றால் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து சரிவாகப் பாருங்கள். ஜெலட்டின் பிரிண்டின் இருண்ட ஓரங்களில் வெள்ளிப் பூச்சு நீலமாகப் பளபளக்கும். படத்திலிருக்கும் வெள்ளியே வயதாகி மேலே வந்து நிற்பது அது. ஆல்புமென் பிரிண்டென்றால் முட்டை வெண்கருவில் செய்தது. பழுப்பும் மஞ்சளுமாக, மெல்லிய காகிதத்தில் இருக்கும்.

நில அளவைக்காக விமானத்திலிருந்து எடுத்த படம் கிடைத்தால் ஓரத்தை விடாதீர்கள். நடுவில் இருக்கும் ஊரைவிட விளிம்பில் சுவாரசியம் அதிகம். நான்கு பக்கமும் சின்னக் குறிகள், சில கேமராக்களில் ஒரு கடிகாரத்தின் முகம், உயரமானியின் முள், நீர்மட்டக் குமிழ் எல்லாம் படத்தோடே பதிந்திருக்கும். லென்ஸை வைத்து அந்தக் கடிகாரத்தில் மணி பாருங்கள். விமானம் எத்தனை மணிக்கு அங்கே இருந்தது என்று தெரிந்தால் நிழலுக்குக் கணக்கு கிடைத்துவிடும்.

நிழலிலிருந்து தொடங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இந்தப் பகுதியை வையுங்கள்.

நேர் மேலே இருந்து கீழே பார்த்து எடுத்ததைச் செங்குத்துப் படம் என்றும், சாய்த்து எடுத்ததைச் சாய்வுப் படம் என்றும் சொல்கிறார்கள். சாய்வுப் படம் புரிந்துவிடும். மலை உச்சியிலிருந்து பார்த்த பழக்கம் நமக்கு உண்டு. செங்குத்துப் படம்தான் குழப்பும். அதில் உயரம் என்பதே தெரியாது. கோயில் கோபுரம் வெறும் நீள்சதுரம், பனைமரம் ஒரு புள்ளி. உயரத்தைச் சொல்வது நிழல் ஒன்றுதான். கோபுரத்தின் பக்கத்தில் தரையில் விழுந்திருக்கும் நிழலைப் பாருங்கள்: அடுக்கடுக்காகக் குறுகி மேலே போகும் உருவம் அப்படியே படுத்திருக்கும். தென்னந்தோப்பில் நிழல்கள் மெல்லிய கோட்டின் முனையில் நட்சத்திரமாக விரியும். பனையென்றால் முனை உருண்டையாக இருக்கும்.

ஒரு தொந்தரவும் இருக்கிறது. வெளிச்சம் மேல்பக்கத்திலிருந்து வருவதாகவே நம் மூளை எடுத்துக்கொள்ளும். நிழல் படத்தின் மேல்நோக்கி விழுந்திருந்தால் பள்ளம் மேடாகவும், மேடு பள்ளமாகவும் புரண்டு தெரியும். ஏரி குன்றாகிவிடும், ஏரிக்கரை வாய்க்காலாகிவிடும். வடக்கை மேலே வைத்து மாட்டிய படங்களில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் பூமியின் வடபாதியில் சூரியன் பெரும்பாலும் தெற்கே நின்று நிழலை வடக்கே தள்ளுகிறது. பரிகாரம் சுலபம்: நிழல் உங்களைப் பார்த்து விழும்படி படத்தைத் திருப்ப வேண்டும். சுவரில் இருப்பதைத் திருப்ப முடியாதே என்றால், அனுமதி இருக்கும் இடத்தில் போனில் ஒரு படம் எடுத்து, போனைத் தலைகீழாகப் பிடியுங்கள். பள்ளமும் மேடும் தம் இடத்தில் வந்து உட்காரும். மேசைமேல் கண்ணாடிப் பேழையில் வைத்திருந்தால் நீங்களே எதிர்ப்பக்கம் போய் நின்றால் போதும். சென்னை அட்சரேகையில் இன்னொரு வேடிக்கை: ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரைக்கும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும், நிழல் தெற்கே விழும். அதனால் நம் ஊர் உச்சிவெயில் படத்தில் நிழலின் திசையை வைத்தே மாதத்தை ஓரளவு சொல்லிவிடலாம்.

நிறத்துக்கு வருவோம். அந்தக் காலத்துத் தகடுகள் நீல வெளிச்சத்துக்குச் சீக்கிரம் மயங்கும், சிவப்பைச் சட்டை செய்யாது. ஆகாயம் வெறும் வெள்ளையாகவும் செம்மண்ணும் ஓட்டுக்கூரையும் இருட்டாகவும் வருவது அதனால்தான். தண்ணீரை நம்பாதீர்கள், சூரியன் பட்டுத் திரும்பினால் பளிச்சென்று வெள்ளை, இல்லாவிட்டால் கறுப்பு. ஒரே ஆறு ஒரே படத்தில் இரண்டு நிறமாக ஓடும். ரயில் பாதைக்கும் ரோட்டுக்கும் வித்தியாசம் தெரிய வளைவைப் பாருங்கள்: ரயில் பாதை நிதானமாக வளையும், ரோடு வெடுக்கென்று திரும்பும்.

அளவு எவ்வளவு என்று கேட்கத் தோன்றினால், லென்ஸின் குவியத் தூரத்தைப் பறந்த உயரத்தால் வகுத்தால் போதும். 6 அங்குல லென்ஸ், 10,000 அடி உயரம் என்றால் 20,000இல் ஒரு பங்கு. அசல் படத்தில் ஒரு சென்டிமீட்டர் தரையில் 200 மீட்டர். பெரிதாக்கி மாட்டிய பிரிண்டில் இந்தக் கணக்கு செல்லாது.

தொல்லியல் பகுதி இருந்தால் பயிர்த் தடங்களைத் தேடுங்கள். புதைந்துபோன அகழியின் மேல் ஈரம் தங்குவதால் பயிர் செழித்து அடர்நிறமாக நிற்கும்; புதைந்த சுவரின் மேல் சவலையாக வெளுத்திருக்கும். தரையில் நடப்பவருக்குத் தெரியாத கோட்டை வரைபடம் மேலிருந்து தெரிந்துவிடும். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கற்களை 1906இலேயே ராணுவ பலூனிலிருந்து எடுத்திருக்கிறார்கள். முதல் உலகப்போரில் விமானத்திலிருந்து வேவு பார்த்த ஓ.ஜி.எஸ். கிராஃபோர்ட் பின்னால் இதை ஒரு ஆய்வுமுறையாகவே வளர்த்தார்.

மெட்ராஸ் படம் மாட்டியிருந்தால்

ஊர்க்காரர்கள் எல்லோரும் முதலில் தம் தெருவைத் தேடுவார்கள். கிடைக்காது. மாறாத கோடுகளிலிருந்து தொடங்குங்கள்: கடற்கரை, பக்கிங்காம் கால்வாயின் நேர்கோடு, கூவம் வளைந்து அணைக்கும் தீவுத்திடல், ஜார்ஜ் கோட்டையின் கோணல்மாணலான மதில். அங்கிருந்து ஒவ்வொரு தெருவாக உள்ளே போனால் வீடு வந்துவிடும்.

லேபிளில் ஆண்டு இல்லாவிட்டால் நீங்களே கண்டுபிடிக்கலாம். எது இருக்கிறது, எது இன்னும் வரவில்லை என்று பார்த்தால் போதும். ரிப்பன் மாளிகை இருந்தால் 1913க்குப் பிறகு. மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடத்தின் நீளமான நிழல் இல்லையென்றால் 1959க்கு முன்பு. ஜெமினி மேம்பாலம் இருந்தால் 1973க்குப் பிறகு. வள்ளுவர் கோட்டம் 1976. அந்த இடத்தில் பழைய படத்தில் நுங்கம்பாக்கம் ஏரி விரிந்திருக்கும். இன்னும் பின்னால் போனால் தி.நகர் இருக்கும் இடத்தில் நெடிய ஏரி. 1920களில் அதை வடித்துத்தான் அங்கே மனை போட்டார்கள். நடுத்தர வயதுக்காரர்கள் இந்தப் படத்துக்கு முன்னால் வாய்விட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார்கள், பக்கத்தில் நின்று கேளுங்கள். மழைக்காலத்தில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்ற ஞானம் முழுவதும் அந்தப் பேச்சில் இருக்கும்.

மெரினாவின் அகலத்தையும் பாருங்கள். 1870களில் துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகு, கரையோரமாக வடக்கே நகரும் மணல் அந்தச் சுவரில் தடுத்துத் தெற்கே சேர்ந்துகொண்டே போனது. அதனால் மெரினா அகன்றது, ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. வெவ்வேறு ஆண்டுப் படங்கள் இரண்டு இருந்தால் விரலால் அளந்து ஒப்பிடலாம், கண்ணாடியைத் தொடாமல்.

யார் காசில் பறந்தார்கள்?

மேலே போவதற்குச் செலவு அதிகம். யாரும் அழகுக்காக மட்டும் அந்தச் செலவைச் செய்யவில்லை. செய்த ஒன்றிரண்டு பேரும் படத்தை விற்றுத்தான் ஈடுகட்டினார்கள். முதல் உலகப்போரில், 1915 மார்ச்சில் பிரான்ஸின் நூவ் ஷாபெல் தாக்குதலுக்கு முன் பிரிட்டிஷ் படை, விமானப் படங்களிலிருந்தே ஜெர்மானியப் பதுங்குகுழிகளின் வரைபடத்தைத் தயாரித்தது. சுவரில் நீங்கள் பார்க்கும் அந்த அழகான கோணல் கோடுகளுக்குள் ஆட்கள் இருந்தார்கள். 1924இல் பர்மாவின் ஐராவதி டெல்டா காடுகளை விமானத்திலிருந்து அளந்தது மரத்தைக் கணக்கெடுக்க. 1933 ஏப்ரல் 3 அன்று பீகாரின் பூர்ணியாவிலிருந்து கிளம்பி எவரெஸ்ட் மேல் பறந்தவர்களுக்குச் சாகசப் புகழோடு அளவைப் படமும் வேண்டியிருந்தது. தூசிமூட்டத்தால் அது சரியாக அமையாமல் 19ஆம் தேதி மறுபடி பறந்தார்கள்.

இந்த விவரம் இல்லாமல் 'கலை' என்று மட்டும் சொல்லி மாட்டியிருக்கும் கண்காட்சியை அரைகுறை என்றுதான் சொல்வேன். க்யூரேட்டரோ தன்னார்வலரோ இருந்தால் தயங்காமல் கேளுங்கள்: இதை எடுக்கச் சொன்னது யார், எடுத்த பிறகு யார் கையில் இருந்தது, எப்போது வெளியே வந்தது? 'சார், இது எந்த கேமரா?' என்பதைவிட இந்தக் கேள்விகளுக்கு அவர்கள் உற்சாகமாகப் பதில் சொல்வார்கள்.

பிள்ளைகளோடு போனால்

இரட்டைப் படங்கள் இருக்கும் மேசைக்கு நேராகக் கூட்டிப் போங்கள். விமானம் நகர நகர, அடுத்தடுத்த படங்கள் 60 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி எடுப்பார்கள். இரண்டையும், கண்ணுக்கு ஒரு படமாகக் காட்டும் ஸ்டீரியோஸ்கோப் வழியாகப் பார்த்தால் வீடுகள் எழுந்து நிற்கும், அதுவும் உண்மையைவிட உயரமாக. மூக்கைக் கருவியின் நடுவில் வைத்து, கண்ணைத் தளர்த்தி, பத்து விநாடி பொறுக்கச் சொல்லுங்கள். சிவப்பு–நீலக் கண்ணாடி கொடுத்தால் சிவப்பு இடது கண்ணுக்கு. ஒரு கண் பலவீனமாக உள்ளவர்களுக்கு இது தெரியாமல் போகலாம். அதற்காக வருத்தப்பட வேண்டியதில்லை, பக்கத்தில் நிழல் இருக்கிறதே. பிளாஷ் போட வேண்டாம். பிள்ளைகளுக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் தாங்காது, அதற்குள் புறா கேமராவைக் காட்டிவிடுங்கள்.

திரும்பி வந்த பிறகு

பார்த்ததைச் சரிபார்க்க ஊரிலேயே நல்ல இடம் உண்டு. பரங்கிமலை உச்சி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 அடி; நாதார் பலூனில் ஏறிய உயரம் கிட்டத்தட்ட அதுவே. மாலை வெயில் சாய்ந்த நேரத்தில் ஏறிப்போய், கீழே கட்டடங்களின் நிழல் எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு நீளம் என்று பாருங்கள். 1802இல் வில்லியம் லாம்டன் தேசத்தையே அளக்கப் போட்ட முதல் அடிக்கோடும் (மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமாக அளந்த நேர்கோடு) இந்த மலைக்குப் பக்கத்தில்தான் தொடங்கியது. மெரினா கலங்கரை விளக்கத்திலும் மேலே போய்ப் பார்க்கலாம். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள்.

வீட்டிலிருந்தே தொடர விரும்புகிறவர்களுக்கு கொரோனா இருக்கிறது. நோயைச் சொல்லவில்லை, 1960 முதல் 1972 வரை அமெரிக்கா பறக்கவிட்ட உளவு செயற்கைக்கோள்களின் பெயர் அது. எடுத்த பிலிம் சுருளைப் பாராசூட்டில் இறக்கி, விமானம் நடுவானில் கொக்கி போட்டுப் பிடிக்கும். 1995இல் அந்தப் படங்களைப் பொதுவில் திறந்துவிட்டார்கள். அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் எர்த்எக்ஸ்ப்ளோரர் தளத்தில் கணக்குத் தொடங்கி, வரைபடத்தில் சென்னையைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, இரகசியம் நீக்கிய படங்களின் பட்டியலைத் தேர்ந்தெடுத்துத் தேடலாம். ஏற்கெனவே ஸ்கேன் செய்தவற்றை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், மற்றவற்றுக்குக் கட்டணம். மேகம் குறைவான படத்தைப் பார்த்து எடுங்கள். கோப்பு மிகப் பெரியது, போனில் திறக்க முயலாதீர்கள். கம்ப்யூட்டரில் திறந்து, முதலில் நிழலைத் தேடி, அப்புறம் வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் தேடிப் பாருங்கள்.